ஆறாவது பொம்மையின் குறை

“நான் கதவைத் தட்டுறேன்,” என்றாள் நாத்தனார்.

மேசைத் தலைப்பில் உட்கார்ந்து கதை நடத்துகிறவள் அவளுடைய தம்பி மனைவி. அவள் பாட்டிலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, “எந்தக் கதவை?” என்று கேட்டாள். குரல் நன்றாகத்தான் வந்தது. காதுதான் சூடாகிவிட்டது.

“இடது தோளுக்குக் கீழே சின்னதா ஒரு நீலக் கதவு இருக்குன்னு சொன்னியே, அதை. மரியாதையா, மூணு தடவை.”

முன்னூறு கதவுகளை அடுக்கிச் செய்த பூதம் அது. வாள் பாயாது, தீப் பிடிக்காது. ஒரு கதவை உடைத்தால் உள்ளே இன்னொரு கதவு இருக்கும். அந்த நீலக் கதவு ஒன்று மட்டும் உள்பக்கமாகத் திறக்கும். அதையும் உடைக்கக் கூடாது, தட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும் என்று அவள் நினைத்திருந்தாள். இருபத்தெட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பகடைத் தட்டுக்கு அடியில் இருந்த உறையைப் பல் டாக்டர் எடுத்துக் கிழித்தார். “நீலக் கதவைத் தட்டினால் திறந்து வழிவிடும்,” என்று வாசித்தார். “பாவம், பூதம். வாசல்ல வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசத் தெரியல அதுக்கு.”

கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக வரைந்திருந்தாள். கீல்களைக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் இந்த ஆட்டம் நடக்கும். ஆடுகிறவர்கள் மூன்று பேர். மேல் மாடிப் பல் டாக்டர் கற்பனையில் ஒரு வாள்வீரன். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் ஒரு திருடன். கணவனின் அக்கா மந்திரக்காரி. மிச்ச உலகம் முழுவதும் அவள்தான். மழை, பாலம், சத்திரக்காரன், ராஜா, எதிரி எல்லாம் அவள் வாயிலிருந்து வரவேண்டும். அவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். என்ன நடந்தது என்று அவள் சொல்வாள்.

எதிரிகளுக்கு விதிப்புத்தகத்தில் நீளமான பட்டியல் உண்டு. அவள் அதைத் தொடுவதில்லை. கடையில் வாங்கிய பூதத்தை வீட்டுக்கு வந்தவர்கள் முன் நிறுத்துவது அவளுக்கு மரியாதையாகப் படவில்லை. சொந்தமாகச் செய்வாள். அவள் செய்வதெல்லாம் ஏவல் பொம்மைகள். கல்லிலோ உலோகத்திலோ ஓர் உருவம் செய்து, மந்திரத்தை ஏற்றி, ஒரு கட்டளையைக் கொடுத்து நடமாட விட்டால் அது ஏவல் பொம்மை.

நாத்தனாருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்து என்று வருகிற மனுக்களில் எது பொய் என்று பார்ப்பது. முதல் நாளே நாத்தனார் ஒரு விதி போட்டுவிட்டாள்.

“யாராலயும் ஜெயிக்க முடியாத பொம்மையை நிறுத்திட்டு நீ பாட்டுக்கு உக்காந்துடுவ. அதெல்லாம் ஆகாது, லேபு. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குறை இருக்கணும். அதை முன்னாடியே எழுதி, உறையில போட்டு, தட்டுக்கு அடியில வெச்சிடு. நாங்க கண்டுபிடிச்சா பொம்மை விழுந்தது.”

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பதால் அவள் ‘லேபு’. கல்யாணமான மறுவாரமே நாத்தனார் வைத்த பெயர்.

விதி நியாயமானதுதான். கண்டுபிடிக்கிற வேகம்தான் நியாயமாக இல்லை.

“முதல்ல பித்தளைக் காவலாளி, நாப்பது நிமிஷம்,” என்றார் டாக்டர், விரலை மடக்கி. “அப்புறம் உப்பு மாடு, முப்பத்தஞ்சு. இன்னிக்கு இருபத்தெட்டு. கோவிச்சுக்காதே தங்கச்சி. என் கையில ஒரு கதை தயாரா இருக்கு.”

டாக்டரின் கதை எல்லாருக்கும் தெரியும். அது முழுக்க முழுக்க ஒரு ராட்சசனின் வாய்க்குள் நடக்கிறது. முப்பத்திரண்டு பற்கள், பல்லுக்கு ஓர் அரசன். கடைக்கோடி ஞானப்பல்லில் ஒரு முனிவர் வசிக்கிறார். ஈறுகளுக்கு இடையே போர்.

“தொடர்ந்து ஆறு பொம்மை ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தா நாற்காலி எனக்கு. சரியா?”

“சரிதான்,” என்றாள் நாத்தனார்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான். “நியாயமாத்தானே இருக்கு?”

அவன் உயர்த்திய அந்தக் கையை அவள் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றுதான். கதை நடத்துகிறவர் அதில் உட்காருவார். அவள் பிறவியிலேயே பேச்சு வராதவள் இல்லை. பேசத் தொடங்குவதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார், அவ்வளவுதான். பரிசோதனைக்கூடத்தில் ஒரு நாளைக்கு எட்டு வாக்கியம் பேசினால் அதிகம். அதில் பாதி ‘சரி சார்’. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும், அவள் ‘மழை பெய்கிறது’ என்றால் மூன்று பேர் நனைவார்கள். அந்த நாற்காலி போனால் அவளுக்கு மிஞ்சுவது ஒரு ராட்சசனின் கடைவாய்ப் பல்.

உள்ளே வந்த மாமியார் காபிக் கோப்பைகளை எடுத்தார். டாக்டர் இன்னும் குடித்து முடிக்காத கோப்பையையும் சேர்த்து எடுத்தார். அந்த வீட்டில் ஒரு பாத்திரம் கால் மணி நேரத்துக்கு மேல் அழுக்காக இருந்ததில்லை.

“முடிஞ்சுதா உங்க கூத்து?” என்றார். “இன்னிக்கு எந்தப் பூதம் செத்துச்சு?”

“கதவு, அத்தை,” என்றாள் அவள்.

“நல்லதாப் போச்சு. நம்ம பாத்ரூம் கதவு ஒரு மாசமா சாத்த மாட்டேங்குது. அதுக்கு ஒருத்தரையும் காணோம்.”

அன்று மாலை சமையலறையில் அவள் விசாரணையைத் தொடங்கினாள்.

“என் நோட்டைப் பாத்தீங்களா?”

“எந்த நோட்டு?” என்றான் கணவன்.

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

“பச்சை நோட்டா?”

“அப்ப பாத்திருக்கீங்க.”

“பச்சைன்னு தெரிய உள்ள திறந்து பாக்கணுமா? ரெண்டு வருஷமா அது நம்ம தலகாணிக்கு அடியிலதான் இருக்கு. எனக்குக் கழுத்து வலியே அதனாலதான்.”

“பின்ன எப்படித் தெரிஞ்சுது? நீங்கதான் முதல்ல தோளைப் பத்திக் கேட்டீங்க.”

“கேட்டேன். நீ சொன்ன.” அவன் எதையோ விழுங்குவது போலிருந்தது. சிரிப்பாகத்தான் இருக்கும். “எல்லாத்தையும் நீதான்மா சொல்ற.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“சரி, சொல்லல.”

இப்படி உடனே ஒத்துக்கொள்கிற ஆளில்லை அவன். லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே இருக்கிறவர்கள் கத்தினால்கூட, ‘அது நிக்கல, யோசிக்குது’ என்று வாதாடுகிறவன். அவளுக்குச் சந்தேகம் உறுதியானது. மறுநாள் காலை பச்சை நோட்டு அவளுடன் வேலைக்குப் போனது.

அவள் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். தொட்டிகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் வருகிற தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பார்கள். அங்கே வேலை பார்க்கிற யாரும் வெளியே தண்ணீர் குடிப்பதில்லை. என்ன இருக்கிறதென்று தெரியும். அவளும் போகிற இடமெல்லாம் ஓர் எவர்சில்வர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போவாள். வீட்டிலேயே கூடத்துக்கும் படுக்கையறைக்கும் தூக்கிக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டது.

நான்காவது பொம்மையை அவள் மதிய இடைவேளையில் செய்தாள். கண்ணாடிச் சிலந்தி. ஒரு காலை உடைத்தால் இரண்டு முளைக்கும். அதற்குக் கட்டளை எழுதிய ஓலை ஏழாவது காலுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது; ஓலையை உருவினால் சிலந்தி வெறும் கண்ணாடி. அதனால் அது ஏழாவது காலை மட்டும் தரையில் அழுத்தி ஊன்றாது. நன்றாக இருந்தது. அவளுக்கே லேசாகப் பயம் வந்தது.

உறையை வெறும் கோந்து போட்டு ஒட்ட மனம் வரவில்லை. மாதிரிப் பாட்டில்களுக்கு ஒட்டுகிற சீல்கள் மேசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒருமுறை பிரித்தால் திரும்ப ஒட்டாது. பிரித்த இடத்தில் நீலமாகக் கறை படியும். மூன்று எடுத்து ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் உறையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “இது என்ன, சாக்கடைத் தண்ணி மாதிரியா?”

“யாரும் திறக்கலைன்னு எல்லாரும் பாத்துக்குங்க,” என்றாள் அவள். “முக்கியமா சில பேர்.”

சில பேர் என்றது கணவனை. அவன் உறையைப் பார்க்கவே இல்லை.

“எத்தனை கண்ணு அதுக்கு?” என்று தொடங்கினாள் நாத்தனார்.

“பன்னெண்டு.”

“வாய் இருக்கா?” என்றார் டாக்டர்.

“இல்ல.”

“பல்லு?”

“வாயே இல்லாததுக்குப் பல்லு எங்கேருந்து வரும், டாக்டர்?”

“கேட்டு வெச்சுக்கறது நல்லது.”

“வயித்துல ஏதாவது?” என்றான் கணவன்.

“வெறும் கண்ணாடி.”

“காலெல்லாம் ஒரே மாதிரியா?”

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். வரைபடத்தை நேராக்கி வைத்தாள். “ஏறக்குறைய,” என்றாள்.

“கால்,” என்றார்கள் மூவரும்.

பதினெட்டு நிமிஷம். சீலில் ஒரு புள்ளி நீலம்கூட இல்லை. நாத்தனார்தான் அவற்றைப் பிரித்தாள், பொய் மனுக்களைப் பிரிக்கிற அலட்சியத்துடன்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் சீல்களை எண்ணினார். அவர் வாரம் ஒருமுறை எண்ணுவார். இதுவரை குறைந்ததே இல்லை.

“மூணு குறையுதேம்மா. யாரு எடுத்தது?”

“நான்தான் சார்.”

“எந்த மாதிரிக்கு?”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அந்த வாரம் எவ்வளவோ நன்றாகப் போயிருக்கும். “சிலந்திக்கு, சார்.”

“சிலந்தியா? தண்ணியிலயா?”

“இல்ல சார். அது கண்ணாடிச் சிலந்தி…”

“கண்ணாடி வேறயா?” அவர் உட்கார்ந்துவிட்டார். படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். “எந்தத் தொட்டி?”

“எந்தத் தொட்டியும் இல்ல சார். வீட்டுல…”

“வீட்டுக் குழாய் வரைக்கும் வந்திருச்சா?”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். அவள் தொடங்குவதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவது என்பது இதுதான். அன்று மாலைக்குள் பதினோரு தொட்டிகளிலிருந்து இருபத்திரண்டு பாட்டில்கள் வந்து வரிசையாக நின்றன. வியாழக்கிழமை வரை அவள் ஒவ்வொன்றையும் வடிகட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்து, ‘கண்ணாடித் துகள் இல்லை; சிலந்தி இல்லை’ என்று இருபத்திரண்டு முறை எழுதினாள். பதினைந்தாவது பாட்டிலில் ஒரு சின்ன எறும்பு இருந்தது. அதற்குத் தனிப் படிவம்.

வடிகட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆத்திரப்பட்டு என்ன பயன்? அவள் அறிவியல் படித்தவள். சந்தேகம் வந்தால் சோதனை செய்ய வேண்டும். சந்தேகத்துக்கு உரியவர்கள் மூன்று பேர். மூவரிடமும் மூன்று பொய்க் குறைகளை வாய் தவறிச் சொல்வது போலச் சொல்லிவைக்க வேண்டும். யாரிடம் சொன்ன பொய் மேசைக்கு வருகிறதோ, அவர்தான் ஒற்றர்; மற்ற இருவரும் அவர் சொல்லித்தான் ஆடுகிறார்கள். பொய் சொல்ல வராதே என்ற கவலை இருந்தது. ஆனால் இது பொய் இல்லை, சோதனை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஐந்தாவது பொம்மை மணி யானை. உடம்பெல்லாம் வெண்கல மணிகள். அது நடந்தால் வருகிற ஓசையில் எதிரே நிற்பவர்கள் தங்கள் பெயரையே மறந்துபோவார்கள். உண்மையான குறை, தொண்டைக்குக் கீழே தொங்குகிற ஒரு மணிக்கு நாக்கு இல்லை. அந்த மணியை ஆட்டினால் மற்ற எல்லா மணிகளும் அமைதியாகிவிடும்.

கணவனிடம் படுக்கையை உதறும்போது, “வாலை யாரும் தொட்டுடக் கூடாது,” என்று முணுமுணுத்தாள். நாத்தனாரிடம் தொலைபேசியில், “இடது காதைப் பத்தி மட்டும் நீங்க கேக்காம இருக்கணும், அண்ணி,” என்றாள்.

டாக்டரை லிஃப்டில் பிடித்தாள்.

“தந்தம் வரையறதுதான் கஷ்டமா இருக்கு, டாக்டர்.”

“ஏன், தந்தத்துக்கு என்ன?”

“அதுலதான் எல்லாம் இருக்கு.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகப் பொத்திவிட்டோமோ என்று தோன்றியது.

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். “அப்படியா?” என்றார், அனுதாபத்துடன்.

ஞாயிறு இரண்டு மணிக்கு அவள் மடியில் ஒரு தாள் இருந்தது. மூன்று கட்டம் போட்டு, பெயருக்கு நேராகப் பொய்யை எழுதியிருந்தாள்.

“தந்தம் சொத்தையா?” என்றார் டாக்டர்.

அவளுக்கு உள்ளே துள்ளியது. “இல்ல, டாக்டர். நல்லா இருக்கு,” என்றாள். கட்டத்தில் அடையாளம் போடப் பேனாவை எடுத்தாள். பிறகுதான் அறிவியல் குறுக்கே வந்தது. இந்த மனிதர் எந்த மிருகத்தைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் கேட்பார். பித்தளைக் காவலாளியிடமே கேட்டார். இதை எப்படிச் சான்றாக எடுத்துக்கொள்வது?

“வாலு?” என்றான் கணவன்.

“சாதாரண வாலு.”

“இடது காது?” என்றாள் நாத்தனார், கடமைக்கு.

“சாதாரணக் காது.”

மூவரும் மூன்று பொய்யையும் கேட்டுவிட்டார்கள். மூவரும் ஒற்றர்களா? அவள் திகைத்துப்போய்த் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கணவன், “நெத்தி?” என்றான்.

“ஒண்ணுமில்ல.”

“தொண்டை?”

அவள் தொண்டைதான் முதலில் வறண்டது. நனைத்துக்கொண்டு, “தொண்டைன்னா எந்த இடத்துல?” என்று கேட்டாள்.

ஏழு நிமிஷம்.

அவள் யாரிடமும் சொல்லாத குறை. இந்த முறை நோட்டிலும் எழுதவில்லை. உறையை மதியம் ஒன்றரை மணிக்கு, அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒட்டினாள். பச்சை நோட்டில் அன்று எழுதியது இரண்டே வரி: ‘முடிவு: மூவரும் குற்றவாளிகள் அல்லர். அல்லது மூவருமே.’

நாற்பது, முப்பத்தைந்து, இருபத்தெட்டு, பதினெட்டு, ஏழு. வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். கோடு நேராகக் கீழே இறங்கியது. இதே போக்கில் போனால் ஆறாவது பொம்மை ஆட்டம் தொடங்குவதற்கு நான்கு நிமிஷம் முன்பே செத்துவிடும்.

“அடுத்த வாரம் நாற்காலிக்கு ஒரு மெத்தை கொண்டு வரேன்,” என்றார் டாக்டர் கிளம்பும்போது. “எனக்கு முதுகு ஒத்துக்காது.”

அந்த வாரம் அவள் யாருடனும் பேசவில்லை. வழக்கமாகவே பேசமாட்டாள் என்பதால் பரிசோதனைக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் கணவனுக்கு மட்டும் தெரிந்தது.

“இன்னும் கோவமா?”

அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள்.

“அது வெறும் ஆட்டம்மா.”

அவள் அலமாரியைத் திறந்தாள். அவன் சட்டையை எடுத்து இஸ்திரி போடாமல், அழகாக மடித்து, அவன் பக்கம் வைத்தாள். அவன் சுருக்கத்துடன் வேலைக்குப் போனான்.

ஆறாவது பொம்மை அவளுக்குக் குடுவைகளைக் கழுவும்போது வந்தது. கோபம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் பாதிக் குடுவையை அழுக்காக விட்டுவிட்டு அவளால் நகர முடியாது. அப்போது தோன்றியது, ஊமைத் தச்சன்.

மரத்தில் செய்த ஆள். கையில் சுத்தியும் வாயில் ஆணிகளும். அவனை வெட்டினால் வெட்டுப்பட்ட இடத்தை அப்போதே செதுக்கிச் சரிசெய்துகொள்வான். முன்பைவிட உறுதியாக. அவன் உடம்பில் எந்தக் குறையும் இல்லை. தலை முதல் கால் வரை தேடினாலும் கிடைக்காது. குறை அவன் சுபாவத்தில் இருந்தது. உடைந்த பொருள் எதைக் கையில் கொடுத்தாலும் சண்டையை விட்டுவிட்டு அதைப் பழுதுபார்க்க உட்கார்ந்துவிடுவான். அவ்வளவுதான். ஓர் ஓட்டைப் பானை போதும்.

ஞாயிறு ஒன்று ஐம்பதுக்கு, சாத்தாத பாத்ரூம் கதவை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். சாதாரண உறை, சாதாரணக் கோந்து. நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதுதான் பாட்டில் இல்லை என்று கவனித்தாள். முந்தின நாள் பரிசோதனைக்கூடத்திலேயே விட்டு வந்திருக்க வேண்டும். தேட நேரமில்லை. டாக்டர் மெத்தையுடன் வந்துவிட்டார்.

“எப்படி இருக்கான் ஆளு?” என்றாள் நாத்தனார், சாவகாசமாக.

“மரத்துல செஞ்ச தச்சன். பேச மாட்டான். கையில சுத்தி.”

“வாய்?”

“இருக்கு. நிறைய ஆணி.”

“பல்லுக்குப் பதிலா ஆணியா?” டாக்டருக்கு ஆர்வம் வந்தது.

“பல்லும் இருக்கு, ஆணியும் இருக்கு.”

“முதுகு?” என்றான் கணவன்.

“நேரான முதுகு.”

“முழங்கால்? கழுத்து? கை?”

“எல்லாம் நல்லா இருக்கு.”

கணவன் மேசையைப் பார்த்தான். அவளுடைய வலக்கைப் பக்கம் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா டாக்டரைப் பார்த்தாள்.

“உனக்கு… தாகமா இல்ல?” என்றான் கணவன்.

“இல்ல.”

“வெயிலா இருக்கே.”

“விளையாடுங்க.”

அவர்கள் விளையாடினார்கள். வாள்வீரன் தச்சனின் கையை வெட்டினான்; தச்சன் புதுக் கை செய்து, அந்தக் கையாலேயே அவனை அறைந்தான். மந்திரக்காரி நெருப்பு வைத்தாள். தச்சன் கரியைச் சீவி எடுத்துவிட்டு வந்தான். அரை மணி ஆனது. நாத்தனார் எழுந்து, “அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரேன்,” என்று சமையலறைக்குப் போனாள். முகம் தொங்க வந்தாள்.

முக்கால் மணி. டாக்டர் கை கழுவப் போனார். டாக்டர்களுக்கு அடிக்கடி கை கழுவ வேண்டியிருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் திரும்பி வரும்போது ஒரு டம்ளர் தண்ணீருடன் வந்தார்.

“குடி, தங்கச்சி. வாய் வறண்டா பல்லுக்குக் கெடுதல்.”

“வேண்டாம்.”

“ஒரே ஒரு மடக்கு. அவனோட வயித்துல என்ன இருக்குன்னு சொல்லிட்டுக் குடி. இல்ல, குடிச்சிட்டுச் சொல்லு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரைக் குடிக்க வைத்து, குடிக்க வைத்து, அவளை நாற்காலியிலிருந்து எழுந்து போக வைக்கிறார்கள். போனதும் உறையைத் திறப்பார்கள். படித்தவர்கள், பல்லில் கை வைப்பவர்கள், செய்கிற வேலையா இது? டம்ளரை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினாள்.

“நான் இந்த நாற்காலியை விட்டு நகர மாட்டேன்,” என்றாள். “என்ன பண்ணினாலும்.”

“கொஞ்சம் காபியாவது?” என்றான் கணவன், கெஞ்சுகிற குரலில். அவனும் இரண்டு முறை சமையலறைக்குப் போய்வந்திருந்தான்.

“பகடையை உருட்டுங்க.”

மூன்றரை மணிக்குத் திருடனைத் தச்சன் ஒரு சுவரோடு சேர்த்துப் பலகை அடித்து மூடினான். நான்கு மணிக்கு மந்திரக்காரி ஒரு பெட்டிக்குள் இருந்தாள். பெட்டிக்கு இழைப்புளி போட்டு மெருகும் ஏற்றியாகிவிட்டது. வாள்வீரன் மட்டும் தனியாக நின்றான். டாக்டர், தச்சனுடைய ஆணிகளில் துரு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பற்களில்? இல்லை. நான்கே காலுக்கு அவர் பகடையைத் தட்டில் வைத்துவிட்டு, மெத்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“தோத்துட்டோம்.”

அவள் உறையைத் தானே பிரித்து, தாளை நடுவில் வைத்தாள். மூவரும் குனிந்து படித்தார்கள்.

“உடைஞ்ச சாமானா?” என்றாள் நாத்தனார். “அவ்வளவுதானா? என் கையில உடைஞ்ச கோல் இருந்துச்சே. ரெண்டு மணி நேரமா அதை வெச்சுத்தான் அவனை அடிச்சேன்.”

“அடிக்கறதுக்குப் பதிலா குடுத்திருக்கணும்,” என்றாள் அவள்.

பிறகு அவள் எழுந்து நின்றாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்தில் பேச வேண்டியதை அன்று பேசினாள்.

“இப்ப நான் சொல்றதை யாரும் நடுவுல பேசாம கேக்கணும். ஆறு வாரமா என்னை என்னல்லாம் பண்ணீங்க? என் நோட்டைப் படிச்சீங்க, உறையைத் திறந்தீங்க, எப்படின்னுதான் எனக்குத் தெரியல. உங்களால நான் இருபத்திரண்டு பாட்டில்ல சிலந்தி தேடினேன். ஓர் எறும்புக்குப் படிவம் நிரப்பினேன். இன்னிக்கு நோட்டும் இல்ல, யாருக்கும் ஒரு வழியும் இல்ல. உங்க சொந்த மூளை மட்டும்தான் இருந்துச்சு. என்ன ஆச்சு? பெட்டிக்குள்ள போனீங்க. ஆக, என் பொம்மைங்க ஒருநாளும் மட்டமா இல்ல. ஆடினவங்கதான் சரியில்ல. இதை ஒத்துக்கணும். மூணு பேரும்.”

“ஒத்துக்கறோம்,” என்றார் டாக்டர், தரையைப் பார்த்து.

“நாற்காலி?”

“உன்னோடதுதான்,” என்றாள் நாத்தனார்.

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஏன் அவன் தோள்கள் குலுங்குகின்றன என்று அவளுக்கு விளங்கவில்லை. வருத்தமாக இருக்கும் என்று நினைத்து, கொஞ்சம் இரக்கப்பட்டாள். நாளைக்கு இஸ்திரி போடலாம்.

அப்போது மாமியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, பளபளவென்று மின்னிய எவர்சில்வர் பாட்டிலை அவளுடைய வலக்கைப் பக்கம் ‘ணங்’ என்று வைத்தார்.

“மூடி நாத்தம் போகட்டும்னு காலையிலேருந்து சோடா உப்புல ஊறப்போட்டிருந்தேன், அதுக்குள்ள இவங்க மூணு பேரும் மாத்தி மாத்தி வந்து ‘பாட்டில் ஆச்சா, பாட்டில் ஆச்சா’ன்னு என் உயிரை எடுத்துட்டாங்க,” என்றார். “ஏம்மா, கேள்வி குறைக்குக் கிட்டக்க வந்துட்டா நீ உடனே தண்ணி குடிப்பியாமே, இன்னிக்கு அது இல்லாம இவங்க எப்படித்தான் ஆடினாங்க?”